டாலர் மாப்பிள்ளைக்கு ஒரு சேதி

ஏ மாப்ள, ஒனக்கு இனிமே டாலர்ல சம்பளமாமே? ஊருக்குள்ள நடையே மாறிப்போச்சேன்னு பாத்தேன். சரி, பொண்ணு எடுக்கும்போது ஏழு தலைமுறை விசாரிக்கோம். காசு வாங்கும்போது விசாரிக்க வேண்டாமா? அந்த டாலருக்குப் பூர்வீகம் எதுன்னு சொல்லு பாப்பம்.

அமெரிக்கான்னுதான சொல்லப்போற? இல்லடா. செக் நாட்டுல, ஜெர்மன் எல்லையை ஒட்டுன மலைக்குள்ள ஒரு ஊரு. வெள்ளி அகப்பட்டுச்சுன்னு 1516-ல முளைச்ச ஊரு. ஏசுவோட அம்மா மரியாளோட தகப்பனார் யோவாக்கிம் பேரை வச்சு, யோவாகிம்ஸ்தால்னு ஜெர்மன்ல கூப்பிட்டான். தால்னா பள்ளத்தாக்கு. வெள்ளின்னு காதுல விழுந்தா சனம் வீட்டுல கெடக்குமா? கொஞ்ச வருசத்துலயே அந்தச் சீமையில பிராகாவுக்கு அடுத்த பெரிய ஊராயிருச்சு.

ஷ்லிக்னு ஒரு பிரபுக் குடும்பம். பூமி அவுகளது, வெள்ளியும் அவுகளது, 1520 வாக்குல காசும் அவுகளே அடிச்சாக. ஒரு பக்கம் யோவாக்கிம் சாமி, மறுபக்கம் சிங்கம். அந்த ஊருக் காசுங்கிறதால 'யோவாகிம்ஸ்தாலர்'. சந்தையில நின்னு இம்புட்டு நீளப் பேரை எவன் சொல்லுவான்? சாமியைக் கழட்டி ஓரமா வச்சுட்டு, தாலர்னு மட்டும் வச்சுக்கிட்டான். டச்சுக்காரன் வாயில அது டால்டர், சுவீடன்காரன் வாயில டாலெர், இங்கிலீஷ்காரன் வாயில டாலர். 1792-ல அமெரிக்கா சட்டம் போட்டு அதையே தன் காசாக்கிக்கிட்டான். ஆக, மாசாமாசம் ஒனக்குச் சம்பளமா வரப்போறது 'பள்ளத்தாக்குக்காரன்'. உசரத்துக்குப் போயிட்டோம்னு நீ நெனச்சுக்கிட்டு இருக்க!

இன்னொண்ணு கேளு. இந்த மாதிரிப் பெரிய வெள்ளிக்காசை 1486-லயே டிரோல் சீமையில அடிச்சுட்டான். பேரு மட்டும் பின்னால வந்தவனுக்குப் போச்சு. இந்தக் கூத்தை ஆபீசுல சேந்தா நீயே கண்ணால பாப்ப.

ஷ்லிக் கதையும் முழுசா இனிக்கல. ஸ்டெபான் ஷ்லிக் 1526-ல துருக்கியனோட நடந்த மொகாச் சண்டையில போய்ச் சேந்தாரு. ரெண்டே வருசத்துல ராசா பெர்டினாண்டு காசடிக்கிற உரிமையப் பிடுங்கிக்கிட்டாரு. கையில நாலு காசு சேந்தா பக்கத்துல ராசா வந்து நிப்பாரு மாப்ள. இப்ப அவருக்கு வருமானவரின்னு பேரு.

ஆஸ்திரியாவுல மரியா தெரேசான்னு ஒரு மகாராணி. அந்தம்மா மூஞ்சி போட்ட தாலர்னா அரபுச் சீமையிலயும் எத்தியோப்பியாவிலயும் உசுரு. அந்தம்மா 1780-ல செத்துட்டாக. செத்த பெறவும் அதே 1780-னு வருசம் போட்டே காசு அடிச்சுக்கிட்டு இருந்தான், இன்னைக்கும் அடிக்கான். அங்க பொம்பளைக அதைக் கோத்துக் கழுத்துல போட்டாக. ஒங்க அத்தை சங்கிலியில தொங்குறதுக்கும் டாலர்னுதான் பேரு. நீ இன்னும் வாங்கவே ஆரம்பிக்கல, அவ முப்பது வருசமா போட்டுக்கிட்டுத் திரியிறா.

ஜெர்மன்காரன் 1870-கள்ல தாலரை விட்டுட்டு மார்க்குக்கு மாறிட்டான். ஆனா இப்பவும் உருளைக்கிழங்கைத் தட்டையா, வட்டமாப் பொரிச்சாலும் அதுக்கு அங்க தாலர்னுதான் பேரு.

அந்த வெள்ளி ஊரு என்னாச்சுன்னு கேக்கியா? வெள்ளி வத்திப்போச்சு. வேண்டாம்னு ஒதுக்குன கறுப்புக் கல்லுல இருந்துதான் மேரி கியூரியம்மாவும் அவுக வீட்டுக்காரரும் 1898-ல ரேடியம் கண்டுபிடிச்சாக. பின்னாடி அங்கயே கைதிகளை வச்சு ரஷ்யாவுக்கு யுரேனியம் தோண்டுனான். இப்ப மூட்டுவலிக்காரங்க அந்தச் சுரங்கத்துத் தண்ணியில குளிக்கப் போறாக. பேரும் யாகிமோவ்னு மாறிப்போச்சு.

ஒருவேளை நீ அந்தப் பக்கம் போனா டாலரை நீட்டிக்கிட்டு நிக்காத. அங்க செல்லுற காசு கொருனா. முன்னாடியே மாத்தி வச்சுக்கோ.