நம்மவர் ‘கேரக்டரில்’ இருக்கிறார்

சாலிகிராமத்தில் ஒரு டீக்கடை ஓரம், கையில் கிளாஸே இல்லாமல் எதையோ ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருக்கும் இளைஞரைப் பார்த்தால் பதற வேண்டாம். அவருக்கு ஒன்றுமில்லை. அவர் நடிகர், சரியாகச் சொன்னால், பயிற்சியில் இருக்கும் நடிகர். நியூயார்க்கில் நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க் தன் மாணவர்களுக்குக் கொடுத்த ஆரம்பப் பயிற்சிகளில் இது ஒன்று. காலையில் குடிக்கிற காப்பியை, கோப்பையே இல்லாமல், அதன் கனம், சூடு, மணம் அத்தனையையும் உணர்ந்து குடிக்க வேண்டும். நம்மவர் காப்பியை டீயாக மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். “டீ கற்பனை, சரி தம்பி. பழைய பாக்கியுமா கற்பனை?” என்று கடைக்காரர் கேட்டார். அந்த வசனத்துக்கு ‘சப்டெக்ஸ்ட்’, அதாவது உள்ளர்த்தம், என்னவாக இருக்கும் என்று யோசித்தபடியே நம்மவர் நடையைக் கட்டினார்.

வார நாட்களில் அவருக்கு ஸ்ட்ராஸ்பெர்க் வழியில் ‘மெத்தட்’ நடிப்பு வகுப்பு. சனி, ஞாயிறு இம்ப்ரோவ் என்கிற திடீர் நடிப்பு. முதல் வகுப்பில், நடிக்கும் முன் உனக்குள் தோண்டு என்கிறார்கள். இரண்டாவதில், எதையும் தயாரித்துக்கொண்டு வராதே, வந்து நில், நடப்பது நடக்கட்டும் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் கட்டணம் முன்பணம் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது.

தோண்டுவதில்தான் அவருக்குச் சிக்கல். அழ வேண்டிய காட்சி என்றால், சொந்த வாழ்க்கையில் அழுத ஒரு சம்பவத்தை அதன் ஒலி, மணம், வெளிச்சத்தோடு நினைவில் எழுப்ப வேண்டும். நம்மவருக்கோ அப்பா, அம்மா சுகமாக இருக்கிறார்கள். பள்ளியில் ஆசிரியர்கள்கூட அதிகம் அடிக்கவில்லை. இருந்த ஒரே சோகம் பாட்டியின் சாவு. அதை எடுத்து எடுத்து, இப்போது பாட்டியை நினைத்தால் அவருக்கு வகுப்பறைதான் ஞாபகம் வருகிறது. போன வருடம் ஒரு காதல் முறிந்தது. நண்பர்கள் ஆறுதல் சொல்ல வந்தபோது முகத்தில் ஒரு பிரகாசம். ஆனால் அதிலும் மண். பயன்படுத்தும் நினைவு குறைந்தது ஏழு வருடப் பழையதாக இருக்க வேண்டும் என்பது ஸ்ட்ராஸ்பெர்க்கின் அறிவுரை. ஆற வேண்டுமாம். இன்னும் ஆறு வருடம் அந்தப் பெண்ணை அவர் பத்திரமாக மறக்காமல் வைத்திருக்க வேண்டும்.

இந்த உணர்ச்சி நினைவு விஷயத்தில் அமெரிக்காவில் நடந்த குடும்பச் சண்டை அவருக்குத் தெரியாது. 1934-ல் நடிகை ஸ்டெல்லா அட்லர் பாரிஸில், இந்த முறைக்கே மூலவரான ரஷ்ய நாடக ஆசான் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியையே நேரில் சந்தித்து, சில வாரங்கள் அவரிடம் பாடம் கேட்டார். கிழவர் அதற்குள் நினைவைத் தோண்டுவதை ஓரங்கட்டிவிட்டு, கதாபாத்திரத்தின் சூழல், அது செய்கிற செயல் என்று நகர்ந்திருந்தார். அட்லர் ஊர் திரும்பி இதைச் சொன்னதும் ஸ்ட்ராஸ்பெர்க்குக்கும் அவருக்கும் மூண்ட பகை கடைசிவரை தீரவில்லை. நம்மவர் இரண்டு பேர் படத்தையும் அறைச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். அந்தப் படங்கள் எப்படிச் சும்மா இருக்கின்றனவோ!

இம்ப்ரோவ் வகுப்பின் பூர்வீகம் சிகாகோ. வயோலா ஸ்போலின் அங்கே குடியேறிகளின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்க விளையாட்டுகளை உருவாக்கினார். அவர் மகன் பால் சில்ஸ் 1959-ல் ‘செகண்ட் சிட்டி’ நகைச்சுவைக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த விளையாட்டுகளைச் சொல்லும் அம்மாவின் புத்தகம் 1963-ல் வந்தது. இந்த உலகத்தின் வேதவாக்கு ‘யெஸ், அண்ட்’. எதிராளி எதைச் சொன்னாலும் மறுக்காதே, ஒப்புக்கொள், ஒப்புக்கொண்டு மேலே ஒன்று சேர். மேடையில் இது அற்புதமான விதி. நம்மவர் அதை வீட்டு வாசல்வரை கொண்டுவந்துவிட்டார்.

“என்ன தம்பி, இந்த மாசம் வாடகை வரலையே?”

“ஆமா சார்! அது மட்டுமில்ல, அடுத்த மாசமும் வராது!”

வீட்டுக்காரர் இம்ப்ரோவ் படித்ததில்லை. காட்சி அங்கேயே முடிந்தது.

வாடகை கட்ட வேண்டும் என்பதற்காக அவர் இப்போது பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறார். ஊரில் கேட்டால் ‘கேரக்டர் ஸ்டடி’ என்பார். ‘டாக்ஸி டிரைவர்’ (1976) படத்துக்காக ராபர்ட் டி நீரோ லைசென்ஸ் எடுத்து நியூயார்க் தெருக்களில் டாக்ஸி ஓட்டினார் அல்லவா? அதேதான். ஒரே வித்தியாசம், டி நீரோவுக்குப் படம் முதலில் கிடைத்தது. கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த விஜய் சேதுபதி எந்த உயரத்துக்குப் போனார் என்று கேட்டுவிட்டு, தானும் பி.காம். என்பதை நினைவூட்டுவார். இரண்டு பேப்பர் பாக்கி என்பதைச் சொல்லமாட்டார்.

இவ்வளவு படித்தவர், இரண்டு வகுப்பும் ஒன்றைத்தான் கேட்கின்றன என்பதைக் கவனிக்கவில்லை. ‘ஆன் த வாட்டர்ஃப்ரண்ட்’ (1954) படத்தின் கையுறைக் காட்சி இரண்டு வகுப்பிலும் பாடம். ஈவா மேரி செயின்ட் ஒத்திகையில் கையுறையைத் தவறவிட்டார். மார்லன் பிராண்டோ அதை எடுத்தார். திருப்பித் தராமல் தன் கையில் மாட்டிக்கொண்டே பேசினார். நியூயார்க்கின் நடிப்புப் பட்டறையான ஆக்டர்ஸ் ஸ்டூடியோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான இயக்குநர் எலியா கஸான் அதை அப்படியே படத்தில் வைத்துக்கொண்டார். அட்லரிடம் படித்த பிராண்டோவுக்கு அந்த நொடியில் உதவியது எந்தப் பாட்டியின் சாவும் அல்ல. எதிரில் இருந்த பெண்ணின் கையிலிருந்து ஏதோ விழுந்ததைப் பார்த்தார். இரண்டு வகுப்பும் கேட்பது அவ்வளவே. நம்மவர் பாடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். ஆடிஷனுக்குப் போகும் இடமெல்லாம் கைக்குட்டையைத் தவறவிடுகிறார். ஆபீஸ் பையன்கள் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

அவருடைய தாய்மாமன் புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன். அந்த நாடகத்தில் வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், முருகன் வேறு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. ‘வள்ளி திருமணம்’ என்றால் எல்லோருக்கும் கதை தெரியும். மேடையில் சந்தித்து, விடியும்வரை தர்க்கம் செய்து, கல்யாணத்தை முடித்துவிட்டுப் பஸ் ஏறுவார்கள். மாமா ஒருமுறை சென்னை வந்து, மருமகனின் கட்டண ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் மாப்ள, எதுத்தாப்புல நிக்கிறவன் என்ன சொல்றான்னு காதுகுடுத்துக் கேட்டா பதில் தன்னால வந்துட்டுப் போகுது. இதுக்கு எதுக்குப் பதினெட்டாயிரம்?”

“மாமா, அதுக்கு முன்னாடி கேரக்டரோட இன்னர் லைஃப் இருக்குல்ல...”

மாமா மேற்கொண்டு பேசவில்லை. மனிதர் தொழில் தெரிந்தவர். சிரிப்பு எழாத இடத்தில் நிற்கமாட்டார்.

அப்புறம் ஒரு ஆடிஷன் வந்தது. ஆஸ்பத்திரி வார்டு பாய், ஒரே வசனம்: “டாக்டர் உள்ள வரச் சொன்னாரு.” நம்மவர் இரவெல்லாம் உட்கார்ந்து வார்டு பாயின் வாழ்க்கை வரலாற்றை நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனார். போனதும் உதவி இயக்குநரிடம் கேட்டார்: “இந்த டாக்டர்மேல எனக்குக் கோபம் இருக்கா, பயமா?”

“ப்ரோ, டாக்டர் ஃப்ரேம்லயே இல்ல.”

கேமரா ஓடியது. நோயாளியின் மனைவியாக நடித்த பெண், தாளில் இல்லாத ஒன்றைச் சட்டென்று கேட்டார்: “எந்த ரூம் தம்பி?” இம்ப்ரோவ் வகுப்பில் ஏங்கிக் காத்திருந்த தருணம். நம்மவரோ அந்த நேரம் பாட்டியின் வீட்டுத் திண்ணையில் ஊதுவத்தி வாசனையைத் தேடிக்கொண்டிருந்தார். கேள்வி காதில் விழவில்லை. கண் மட்டும் கலங்கியது. வார்டு பாய் ஏன் அழுகிறான் என்று புரியாத அந்தப் பெண், டாக்டர் ஏதோ கெட்ட செய்தி சொல்லப்போகிறார் என்று நினைத்து நிஜமாகவே அழுதார். அவரைத் தேர்வு செய்தார்கள். நம்மவருக்குக் ‘கால் பண்றோம்’.

இதில் அவர் சோர்ந்துவிடவில்லை. வருகிற சித்திரையில் அவரே மெத்தடும் இம்ப்ரோவும் கலந்து மூன்று நாள் பட்டறை நடத்துகிறார். போஸ்டர் அடித்தாயிற்று, ஆறு பேர் பணமும் கட்டியாயிற்று. சிறப்பு விருந்தினராக மாமாவைக் கூப்பிட்டார். கோயில் திருவிழா சீசன், மாதம் முழுக்க நாடகம் ஒத்துக்கொண்டிருக்கிறேன், தேதி இல்லை மாப்ள என்றுவிட்டார் மாமா.