சமதளத்தில் வாழும் அதிகாரிக்கு மேட்டிலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: பழைய ஜிப்ஸி வைத்திருக்கும் ஒரு சிறு தேயிலை விவசாயி, குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்: மைலேஜ் சான்று வழங்கும் உயரதிகாரி அவர்கள், உருளைப் பிரிவு, சமதளம்.

பொருள்: மேடு என்ற ஒன்று நாட்டில் இருப்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருதல் – தொடர்பாக.

பார்வை: பெட்ரோல் பங்க் ரசீதுகள், ஒரு பிஸ்கட் டப்பா நிறைய.

ஐயா,

ஒரு காரின் மைலேஜைத் தாங்கள் கண்டுபிடிக்கும் விதத்தைப் படித்து மெய்சிலிர்த்தேன். வண்டியைத் தெருவுக்கு எடுப்பதே இல்லை. சக்கரங்களை உருளைமேல் ஏற்றி நிறுத்தி, 20 முதல் 30 டிகிரிக்குள் பதமாக வைத்த அறையில் 1,180 விநாடி ஓட்டுகிறீர்கள். உச்ச வேகம் 90. கொண்டை ஊசி வளைவு கிடையாது, அதில் எதிரே வந்து மூக்கை நீட்டும் அரசுப் பேருந்தும் கிடையாது. ஓடி முடித்த பிறகும் டேங்கைத் திறந்து பார்ப்பதில்லை. பின்னால் வந்த புகையைப் பையில் பிடித்து, அதிலுள்ள கார்பனைக் கணக்கிட்டு, இத்தனை பெட்ரோல் எரிந்தது என்று சொல்லிவிடுகிறீர்கள்.

இதில் எனக்குப் பொறாமைதான். எங்கள் ஊர் முறை, டேங்கை வாய்வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்ப்பது. ஆனால் இங்கே பங்க்கும் சரிவில்தான் நிற்கிறது. வண்டி இந்தப் பக்கம் சாய்ந்தால் ஒரு ‘ஃபுல் டேங்க்’, அந்தப் பக்கம் சாய்ந்தால் வேறொரு ‘ஃபுல் டேங்க்’. அதனால் அதே பங்க், அதே பம்ப், அதே திசை என்று பிடிவாதமாக நின்று, பங்க் பையன்களிடம் ஒருமாதிரியான பெயர் வாங்கியிருக்கிறேன்.

வண்டி 1,298 சிசி, எம்.பி.எஃப்.ஐ. என்ஜின், 80 குதிரைத்திறன். 1985-இல் இந்தியாவுக்கு வந்த ஜிப்ஸியின் பிற்கால வாரிசு. வெலிங்டன் பக்கம் ராணுவப் பச்சையில் இதன் உறவினர்களை நிறையப் பார்க்கலாம். பறவைக்கூண்டு மாதிரி நிமிர்ந்த உடம்பு, காற்றுக்கு வளைந்துகொடுக்காத முகம். இதனிடம் யாரும் இருபது கிலோமீட்டர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் லிட்டருக்கு எட்டைத் தாண்டவே மாட்டேன் என்றது.

ஒர்க்‌ஷாப்புகளில் கேட்டேன். எல்லா இடத்திலும் ஒரே தீர்ப்பு: “மலைல அப்படித்தாங்கண்ணா.” பானெட்டைத் திறக்காமலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. தங்கள் அலுவலகத்தைப் பொறுத்தவரை மலை என்பதே இல்லை. இவர்களுக்கோ மலையைத் தவிர வேறு காரணமே இல்லை. நடுவில் என் டேங்க் காலியாகிறது.

மலையின் பங்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுவது சுமார் 1,900 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,200 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்க 22 மெகாஜூலுக்குச் சற்று மேல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கிறது. என்ஜின் அதில் கால்பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. ஆக, தூக்குகூலி மட்டும் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஐம்பது கிலோமீட்டர் சாலைக்கு இது கொள்ளைதான், மறுக்கவில்லை. ஆனால் இறங்கும்போது? கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இந்த என்ஜின் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் உருட்டினால்தான் மிச்சம் என்று நம்புகிறவர்கள் பிரேக்கையும் தீய்க்கிறார்கள், ஐடிலிங்குக்குப் பெட்ரோலும் கொடுக்கிறார்கள். ஏறும்போது வாங்கிய கடனில் பெரும்பங்கை மலை இறக்கத்தில் திருப்பித் தந்துவிடுகிறது. ஏறி இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து அளந்தும் எட்டுதான் வந்தது. அப்படியென்றால் திருடன் மலை அல்ல, வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

மெலிந்த காற்றின் மேலும் பழி போட்டுப் பார்த்தார்கள். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோவையில் டியூன் செய்த கார்புரேட்டர் வண்டியை மேலே கொண்டுவந்தால் பெட்ரோல் கூடி, பிளக் கரிபிடிக்கும் என்பது உண்மை. என் வண்டியில் காற்றழுத்தத்தைப் பார்த்து அளவைக் குறைத்துக்கொள்ள சென்சார் இருக்கிறது. அந்தச் சாக்கும் செல்லாது.

உள்ளே இருந்த திருடர்களில் பெரியவன், இல்லாத ஒரு பொருள். டெம்பரேச்சர் முள் எப்போதும் கீழேயே படுத்துக்கிடந்ததைப் பார்த்து ஹவுசிங்கைக் கழற்றினால், தெர்மோஸ்டாட்டே இல்லை. சமவெளியில் யாரோ ஒரு மெக்கானிக், “சூடாகாதுங்க” என்று பிடுங்கி எறிந்திருக்கிறார். அங்கே அது பெரிதாகத் தெரிந்திருக்காது. புல்மேல் உறைபனி படியும் ஜனவரி காலையில் இங்கே என்ன நடக்கும்? தண்ணீர் சூடேறுவதே இல்லை. வண்டி இப்போதுதான் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது என்று நாள் முழுக்க நம்பும் இ.சி.யூ. என்ற என்ஜின் கணினி, குளிர்ந்த என்ஜினுக்கான கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதையும், என்ஜின் சூடாகும்வரை அது காதில் போட்டுக்கொள்வதில்லை.

அடுத்தது பிரேக். மலையில் வண்டியை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போடாத ஆள் இல்லை. இந்த மூடுபனியில் துருப்பிடிக்காத கேபிளும் இல்லை. நெம்புகோல் இறங்குகிறது, பின் டிரம்மில் ஷூ இறங்குவதில்லை. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். முன் சக்கர ஹப்புகளில் ஒன்று ‘லாக்’கிலேயே சிக்கியிருந்தது, டூ-வீல் டிரைவில் போகும்போதும் முன் ஆக்ஸிலின் சாமான்கள் சும்மா சுழன்றுகொண்டிருந்தன. இது சில்லறைத் திருட்டு.

கடைசியாகச் சிக்கியது திருட்டே அல்ல, பொய்க்கணக்கு. முன்பு வைத்திருந்தவர் கெத்துக்காக 205/70 டயரை எடுத்துவிட்டு 235/75 மாட்டியிருந்தார். விட்டம் பத்து சதவீதம் கூடுதல். குன்னூர் – ஊட்டிச் சாலையில் கிலோமீட்டர் கல்லை வைத்துப் பார்த்தால், பத்துக் கல் கடந்த பிறகும் மீட்டர் ஒன்பதுதான் என்கிறது. எட்டு என்று நான் புலம்பியதில் முக்கால் கிலோமீட்டர், ஓடியும் கணக்கில் ஏறாத தூரம்.

இத்தனையும் சரிசெய்தபின் பத்தரை தருகிறது. ஆகவே என் கோரிக்கை வண்டியைப் பற்றியதல்ல. 1899-இல் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ரயில் விட்டவர்கள், பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறும் மேட்டைப் பார்த்ததும் அதை ஒப்புக்கொண்டு, தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் பதித்தார்கள். தாங்கள் அவ்வளவு சிரமப்பட வேண்டாம். உருளையைச் சாய்க்கக்கூட வேண்டியதில்லை. அதன் பளுவைக் கூட்டினாலே ஏற்றம் தயார், அதற்கான ஏற்பாடும் உங்கள் அறையிலேயே இருக்கிறது. சான்றில் இரண்டாவதாக ஒரு எண்: ‘மலையில் இவ்வளவு’. அது கையில் இருந்தால், “மலைல அப்படித்தாங்கண்ணா” என்பவரிடம், “எப்படித்தான்?” என்று கேட்க எனக்கு ஒரு வாய் இருக்கும்.

நேரில் வந்து பார்க்க விரும்பினால் வரவேற்கிறோம். 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு. லாரிக்கு எடுத்துவிடலாம், அதன்மேல் வரும் உருளையை எந்த வகை வாகனமாகப் பதிவது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவும். இங்கே பிளாஸ்டிக் தடை இருப்பதால், உருளைமேல் பிளாஸ்டிக் உறை போர்த்தியிருந்தால் சோதனைச் சாவடியில் கழற்றச் சொல்வார்கள். தயவுசெய்து சீசனில் வர வேண்டாம். பர்லியாறுக்கு மேல் வண்டி நகராது. 1,180 விநாடியில் தங்கள் லாரி ஒரு வளைவைத் தாண்டினால் அதுவே பெரிய விஷயம்.

இப்படிக்கு,
இரண்டாம் கியரிலிருந்து,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளன்.