கீல் இல்லாத மாமா

ஜாசின் பஸ் நிலையத்திலோ, அலோர் காஜா சந்தையிலோ, மலாக்கா டவுன் ஜாலான் பெண்டஹாரா பூக்கடைகளின் முன்னாலோ நின்று, "யார்கிட்டயாவது கத்தி இருக்கா?" என்று கொஞ்சம் சத்தமாகக் கேட்டுப் பாருங்கள். நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒருவர் மட்டும் வாயைத் திறக்காமல் சட்டையின் கீழ்நுனியைத் தூக்குவார். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு நிதானமாக, "என்னா வெட்டணும்?" என்பார். அவர்தான் கத்தி மாமா.

ஊருக்கு ஒருவர் நிச்சயம் உண்டு. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பெல்ட்டின் வலப்பக்கம் கைப்பேசி உறை, இடப்பக்கம் கத்தி உறை. கைப்பேசி உறை பெரும்பாலும் காலிதான். கைப்பேசி வீட்டில் சார்ஜரோடு கிடந்து அலறிக்கொண்டிருக்கும். கத்தியை மறந்துவிட்டு வந்ததாக மட்டும் சரித்திரம் இல்லை.

கத்தி பெரிதல்ல; அலகு நாலு அங்குலம் இருந்தால் அதிகம். தோட்டத்துப் பட்டறையில், தேய்ந்துபோன ரம்பத் தகட்டை அறுத்துத் தீட்டியது. பிடி கொய்யாக் கட்டை. உறை, தண்ணீர்க் குழாய்த் துண்டை அடுப்பில் காட்டி இளக்கித் தட்டையாக அமுக்கியது. மொத்தச் செலவு ஒரு கோப்பி-ஓ, அதுவும் பட்டறைக்காரருக்கு வாங்கிக் கொடுத்தது. இதை மாமா விலைக்குக் கொடுக்கமாட்டார், இரவலும் கொடுக்கமாட்டார். கத்தி கேட்டால் கத்தியோடு மாமாவும் வருவார். மாமாவோடு கத்தியின் வரலாறும் வரும்.

வரலாறு எப்போதும் 1896-இல் தொடங்கும். தான் சே யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட வருஷம் அது. மலாயாவில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் ரப்பர் தோட்டம் நம் மலாக்காவில்தான் என்பதை மாமா, தானே கன்று நட்டவர் தோரணையில் சொல்வார். அங்கிருந்து ஒரே தாவலாகத் தன் அப்பாவின் பால்வெட்டுக் கத்திக்கு வந்துவிடுவார்.

"பட்டைய ஒன்றரை மில்லிமீட்டர் சீவணும். மேலாப்புல சீவுனா பால் வராது. ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், பட்டை முடிச்சு விழும். ரெண்டுக்கும் மண்டோர்கிட்டப் பேச்சு வாங்கணும். இடமிருந்து வலமாச் சரிச்சு இழுக்கணும், விடியறதுக்குள்ள. வெயில் ஏறிட்டா பால் ஓட்டம் கொறஞ்சிடும். இத்தனையும் இருட்டுல, தலையில ஒரு விளக்கோட. அந்தக் கத்தியில கீல் இருந்துச்சா?"

இருக்கவில்லை என்று நாம் ஒப்புக்கொள்ளும்வரை வரலாறு நகராது.

அப்புறம் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்துப் பிள்ளைகள் பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏறினார்கள். மாமாவும் ஏறினார். ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் கை எதையோ தேடியிருக்கிறது. மண்டோரும் இல்லை, மரமும் இல்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் இடுப்பில் ஒரு இரும்பு கனக்காவிட்டால் அவருக்கு உடுப்பு முழுமை பெறாது.

கத்தி மாமாவுக்குப் பரம்பரைப் பகை ஒன்று உண்டென்றால் அது மடக்குக் கத்திதான். அந்தப் பகையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து சேர்ப்பவன் தங்கச்சி மகன். ஆயர் குரோவில் டெக்னீஷியன். இணையத்தில் வாங்கிய மடக்குக் கத்தியைக் கட்டைவிரலால் தள்ளித் திறப்பான். 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறப்பான். வெட்ட ஒன்றும் இருக்காது.

"இது என்னா மருமகனே?"

"மடக்குக் கத்தி மாமா. பாக்கெட்ல அடங்கிடும். லாக் இருக்கு."

"லாக் வுட்டுப்போனா?"

"போகாது மாமா."

"சரி, போனா?"

"…விரல்ல படும்."

"எந்த விரல்?"

மருமகன் தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்ப்பான். மாமா வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு அடுத்த கேள்விக்குத் தயாராவார்.

அடுத்த கேள்வி பேயைப் பற்றியது. இரும்பு கையில் இருந்தால் காத்துக் கருப்பு அண்டாது என்பது தோட்டத்து நம்பிக்கை. ஆனால் இரும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? "மடக்கி வெச்சா அதுக்கு எப்படித் தெரியும்? நீ பையில கைய வுட்டு, நகத்தால நோண்டித் திறக்கிற வரைக்கும் அது நிக்குமா?" மருமகன் டிப்ளோமா படித்தவன். ஆனாலும் அர்த்த ராத்திரியில் செம்பனைக் காட்டு வழியாக மோட்டார் ஓட்டுகிறவன். அதனால் பதில் சொல்லமாட்டான்.

மூன்றாவது வாதம் சாமி. தோட்டத்து எல்லையில் முனீஸ்வரர் அருவாளோடு நிற்கிறார். மதுரை வீரன் வாளோடு நிற்கிறார். "எந்தச் சாமியாச்சும் மடக்கு அருவா வெச்சிருந்து பாத்திருக்கியா?" ஆயுத பூஜைக்கு இன்னொரு சிக்கல்: மடக்குக் கத்திக்குப் பொட்டு எங்கே வைப்பது? மடக்கி வைத்தால் பொட்டு பிடிக்கு. திறந்து வைத்தால் சந்தனம் கீலுக்கு. சென்ற தலைமுறை எந்தச் சாஸ்திரத்திலும் இதற்கு வழி சொல்லவில்லை.

மருமகன் ஒருநாள் கைப்பேசியைப் பார்த்துவிட்டுப் பதிலடி கொடுத்தான். கார்ல் எல்செனர் என்பவர் 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்கே மடக்குக் கத்தி செய்து கொடுத்தாராம். அந்தக் கம்பெனிதான் இன்றைய விக்டோரினாக்ஸாம். மாமா யோசித்துவிட்டுக் கேட்டார்: "சுவிட்சர்லாந்துல பலாப்பழம் இருக்கா?"

இருக்கவில்லை. பேச்சை முடித்துவைத்ததும் பலாப்பழம்தான். கோயில் அன்னதானத்துக்கு யாரோ இரண்டு பழம் கொண்டுவந்து இறக்க, மருமகன் முந்திக்கொண்டு 'க்ளிக்' செய்தான். பத்தாவது சுளையில் பால் பிசுபிசுத்துக் கீலுக்குள் இறங்கியது. பதினைந்தாவதில் அலகு பாதி வழியில் நின்றது; மடக்கவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. அவன் சுடுதண்ணீரும் தேங்காய் எண்ணெயும் பல்குத்தும் குச்சியுமாக ஒரு மூலையில் உட்கார்ந்து அறுவைச் சிகிச்சை நடத்திக்கொண்டிருந்தபோது, மாமா அலகில் முன்கூட்டியே எண்ணெய் தடவிய தன் கத்தியால் இரண்டு பழத்தையும் முடித்தார். குழாயடியில் இரண்டு முறை கழுவி, கைலியில் துடைத்து, உறையில் போட்டார். பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

நியாயத்துக்கு மாமாவின் கத்தியிலும் குறை உண்டு. மலாக்கா ஈரக்காற்றில் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். அதைத் துரு என்று சொல்லக்கூடாது. "நெறம் புடிச்சிருக்கு" என்பார். உட்கார்ந்தால் உறையின் முனை தொடையில் குத்தும். மகனுடைய மைவி கார் சீட்டில் இடப்பக்கம் ஒரு கிழிசல் அதற்குச் சாட்சி. மடக்குக் கத்திக்காரன் சும்மா உட்காரலாம். மாமா எங்கே உட்கார்ந்தாலும் முதலில் இடுப்பைத் திருகி ஒரு நமஸ்காரம் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

கத்தி தீட்டும் இடம் வீடல்ல, கோப்பிக்கடை. சீனர் கடையின் தடித்த கோப்பையில் கோப்பி குடித்து முடித்ததும் மாமா அதைக் கவிழ்ப்பார். அடியில், பூச்சு படாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதில் கத்தியைச் சாய்த்து, இந்தப் பக்கம் நாலு இழுப்பு, அந்தப் பக்கம் நாலு. கடைக்காரர் கல்லாவிலிருந்து முறைப்பார். பிறகு சோதனை: பேப்பரைத் தூக்கிப் பிடித்து ஒரு கீறல். முன்பெல்லாம் தமிழ் நேசன். 2019-இல் நேசன் நின்றபோது ஊரே வருத்தப்பட்டது. மாமாவுக்குக் கூடுதலாக ஒரு வருத்தம்: அந்தத் தாளின் பதம் வேறு எந்தத் தாளிலும் இல்லை.

கடைக்காரரின் முறைப்பு மாமாவுக்கு ஒரு பொருட்டல்ல. போலீஸ் முறைப்பு வேறு. பொது இடத்தில் நியாயமான காரியம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால், 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 5 வருஷம், கூடினால் 10 வருஷம் சிறை, பிரம்படியும் உண்டு. மடங்கும், மடங்காது என்ற தத்துவ விசாரணையெல்லாம் ரோட்டுத் தடுப்பில் எடுபடாது. மாமா சட்டத்தை மதிப்பவர். ஆகவே மோட்டாரில் கிளம்பும்போதெல்லாம் கத்தி இடுப்பிலிருந்து இறங்கி மோட்டார் கூடைக்குப் போகும். அதன் மேல் ஒரு பூசணிக்காய் உட்காரும்.

பூசணிக்காய்தான் நியாயமான காரியம்.

"எங்க போறீங்க மாமா?" என்றால் "சன்னாசிமலைக்கு" என்பார். அந்தக் கோயிலின் மாசி மகத் திருவிழா வர இன்னும் எட்டு மாசம் இருக்கும். "பூசணிக்கா எதுக்கு?" என்றால் "திருஷ்டிக்கு" என்பார். ஒரே பூசணிக்காய் மூன்று வாரம் மாமாவோடு மலாக்கா மாநிலம் முழுக்கச் சுற்றியதாகக் கேள்வி. சாலைத் தடுப்பில் யாரும் அவரை இதுவரை நிறுத்தவில்லை. அதில் மாமாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒத்திகை பார்த்த பதில் வீணாகிறதே.

கல்யாணத்தில் வாழைமரம் கட்டும்போது கயிறு அறுக்க, மாவிலைத் தோரணத்தின் காம்பு சீவ, தாம்பூலப் பை கட்டிய பிளாஸ்டிக் பட்டையைப் பிரிக்க, பிள்ளைக்கு இளநீர் வழுக்கை வழித்துக் கொடுக்க என்று ஊர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று மேசைமேல் வைப்பார். நீங்கள் எடுப்பதற்குள் அவரே எடுத்து வெட்டியும் விடுவார். உண்மையில் வெட்டுவது அவருக்கு இரண்டாம் பட்சம். "கத்தி இருக்கா?" என்ற அந்தக் கேள்விதான் வேண்டும். முப்பது வருஷம் மண்டோரின் அதட்டலையும் சூப்பர்வைசரின் விசிலையும் கேட்ட காதுக்கு, ஊர் வந்து கெஞ்சலாகக் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான். மடக்கிப் பையில் போட்டுவிட்டால் அவரிடம் இருப்பது யாருக்குத் தெரியும்?

இத்தனை பேருக்கு வெட்டிக் கொடுப்பவர் வீட்டில் அரிவாள்மனை மொட்டை. தக்காளி அதில் நசுங்குமே தவிர அறுபடாது. தீட்டிக் கொடுங்கள் என்று மாமி சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடையில் ஒரு பெரிய கத்தரிக்கோல் வாங்கிவிட்டார். கீரை, மீன் செதில், பால் பாக்கெட், மருமகனின் கூரியர் பொட்டலம் எல்லாமே அதில்தான்.

போன தீபாவளிக்கு மருமகன் அதைக் கவனித்துவிட்டான். நாலு வருஷத் தோல்விக்கும் பழிவாங்கும் குரலில் கேட்டான்: "மாமா, அந்தக் கத்தரிக்கோல்ல நட்டநடுவுல கீல் இருக்கே?"

மாமா சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். மாமி மீனை வெட்டிக்கொண்டிருந்தார். மாமா குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இருக்கு மருமகனே. நீ வேணும்னா போயி சொல்லு."