காங்கிரசுக்கு ஒரு முழங்காலின் விண்ணப்பம்

வாஷிங்டனில் வீற்றிருக்கும் அமெரிக்கக் காங்கிரசின் மேன்மை தங்கிய உறுப்பினர்களுக்கு,

நேஷனல் கார்டு படையில் முழுநேரப் பணியிலிருக்கும் ஒரு சார்ஜென்ட்டின் இடது முழங்கால் தெண்டனிட்டு எழுதிக்கொள்வது. தெண்டனிட்டு என்பது பேச்சுக்குத்தான். மடங்கினால் நிமிர அரைமணி ஆகும்.

என் முதலாளி பகுதிநேரப் படையின் முழுநேர ஊழியர். 'மாதம் ஒரு வார இறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம்' என்று சொல்லித்தான் அந்தப் படைக்கு ஆள் சேர்ப்பார்கள். அந்த வார இறுதிக்கு வந்து இறங்குகிறவர்களுக்குச் சம்பளக் கணக்கு, வண்டி, துப்பாக்கி, சாப்பாடு எல்லாம் தயாராக இருக்க வேண்டுமே, அதற்காக மீதி நாளெல்லாம் ஆர்மரி என்கிற படைக் கட்டடத்தில் கிடக்கும் இனத்துக்கு ஏ.ஜி.ஆர். என்று பெயர்.

நான் கெட்டது போர்க்களத்தில் அல்ல. ஆர்மரி மாடிப்படியில், ஒரு பழைய பிரிண்டரைச் சுமந்துகொண்டு இறங்கும்போது. இதை ஏன் இத்தனை விவரமாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் சட்டத்தில் காயத்துக்கும் குலம் கோத்திரம் பார்க்கிறீர்கள். பாராசூட்டில் குதித்துத் திருகியிருந்தால் 'போர் சார்ந்த' காயம் என்று தனித் தொகை கேட்கலாம். பிரிண்டரோடு சறுக்கிய முழங்காலுக்கு அந்த யோகம் இல்லை. வைத்தியமும் படையினர் கேலியாகச் சொல்கிறபடியேதான் நடந்தது: மோட்ரின் போடு, தண்ணீர் குடி, காலுறையை மாற்று. ஆறு ஆண்டு அப்படியே ஓடியது. ஓடியது நான்தான், உடல்தகுதித் தேர்வுக்குத் தேர்வு 2 மைல்.

இப்போது மருத்துவர் நிரந்தரப் புரொபைல் என்கிற உடல்தகுதித் தாளில் 3 என்று போட்டுவிடுவேன் என்கிறார். அந்த எண் விழுந்தால் கோப்பு மருத்துவ வாரியத்துக்குப் போகும். வாரியம் என்னை எடை போடும்.

உங்கள் எடைக்கல்லைப் பற்றித்தான் விண்ணப்பமே. எனக்கு 10 சதவீத ஊன மதிப்பீடு கிடைக்கலாம் என்கிறார்கள். மேல்வீட்டுக்காரரான முதுகுக்கு 20. பத்தும் இருபதும் முப்பது என்று பள்ளிப்பிள்ளையும் சொல்லும். உங்கள் அட்டவணை சொல்லாது. முதுகு 20 எடுத்துக்கொண்டபின் மிஞ்சிய ஆள் 80 சதவீதம்தானாம். அந்த 80இல் எனக்குப் பத்து சதவீதம், அதாவது 8. ஆக 28. பிறகு அதைப் பக்கத்துப் பத்துக்கு நகர்த்தி 30 ஆக்குகிறீர்கள்! அரையும் அரையும் சேர்ந்தால் முக்கால், அந்த முக்காலை 80 சதவீதமாக்கித் தருவோம் என்கிற வாய்ப்பாட்டை உலகில் வேறு யார் வைத்திருக்கிறார்கள்?

அந்த 30தான் வாசற்படி. 1949இல் நீங்கள் போட்டது. ஏறிவிட்டால் ஓய்வூதியமும் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் உண்டு. 20இல் நின்றால் சேவை ஆண்டுக்கு இரண்டு மாத அடிப்படைச் சம்பளம் என்று ஒரு மொத்தத் தொகையைக் கையில் கொடுத்து வழியனுப்புவீர்கள். பின்னால் இதே காயத்துக்காக முன்னாள் படைவீரர் துறை தரும் மாதத்தொகையிலிருந்து அதையும் பிடித்துக்கொள்வீர்கள். மொய் எழுதியவர் பந்தியில் உட்கார்ந்து அதைத் திருப்பிக் கேட்கிற கதை. முதுகை மட்டும் வாரியம் 'வேலைக்கு ஆகும்' என்று சொல்லிவிட்டால் நான் 10இல் தனியாக நிற்பேன். என் விதி முதுகின் கையில் இருக்கிறது. முதுகுக்கோ கை இல்லை.

இதே உடம்பை, இதே பரிசோதனைத் தாள்களை வைத்து, முன்னாள் படைவீரர் துறை காதிரைச்சல், ஒற்றைத் தலைவலி எல்லாவற்றையும் கூட்டி 70 என்று சொல்லக்கூடும். வேலையைத் தடுக்கிற கோளாறுகளை மட்டும்தான் ராணுவம் எண்ணும். அந்தத் துறை எல்லாவற்றையும் எண்ணும்.

போன ஞாயிறு இரவு சமையலறை மேசையில் இதெல்லாம் பேச்சாயிற்று. என்மேல் உறைந்த பட்டாணிப் பொட்டலம். எதிரே முதலாளியின் மனைவி, மளிகை ரசீதின் பின்பக்கம், ஒரு பென்சில். இப்போதே மருத்துவ ஓய்வில் போனால், இதுவரை முடித்த 17 ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 2.5 வீதம் 42.5 சதவீதம். சராசரி அடிப்படைச் சம்பளம் 5,000 டாலர் என்று வைத்தால் மாதம் 2,125. முன்னாள் படைவீரர் துறையின் 70 சதவீதத்துக்கு 1,750 என்று வைத்துக்கொண்டார்கள். மனைவி இரண்டையும் கூட்டி 3,875 என்று எழுதினார். முதலாளி பென்சிலை வாங்கி அதை அடித்தார்.

"இருபது வருஷம் முடிக்காமப் போனா அங்க வாங்குற ஒவ்வொரு டாலருக்கும் இங்க ஒரு டாலர் கழிச்சிடுவாங்க. மொத்தம் அதே ரெண்டாயிரத்து நூத்தி இருபத்தஞ்சுதான்."

"இருபது முடிச்சா?"

"பாதிச் சம்பளம் ரெண்டாயிரத்து ஐந்நூறு. அதோட அந்த ஆயிரத்து எழுநூத்தி அம்பதும் முழுசா வரும்."

4,250. சரியாக இரண்டு மடங்கு. அதே உடம்பு, அதே காயம், நடுவில் மூன்று நாள்காட்டி.

வேறு வழிகளும் வைத்திருக்கிறீர்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். பகுதிநேரமாக இருந்த 2 ஆண்டையும் சேர்த்தால் 'நல்ல ஆண்டு' என்கிற பகுதிநேரப் படை ஓய்வூதியக் கணக்கில் அவருக்கு 19. அந்தக் கணக்கிலும் இருபது இல்லை. பதினைந்தைத் தாண்டியவர் என்பதால் 20 சதவீதத்தில் நின்றால் மொத்தத் தொகைக்குப் பதில் 60 வயதில் ஓய்வூதியம் கேட்கலாம். இப்போது வயது 41. அல்லது, காயம் இன்னும் நிலைப்படவில்லை என்று வாரியத்துக்குத் தோன்றினால் தற்காலிக ஓய்வுப் பட்டியல், 3 ஆண்டு வரை. அந்த 3 ஆண்டு சேவைக் கணக்கில் சேராது. பட்டியலில் கிடக்க 3 ஆண்டு தருவீர்கள், இருபதை முடிக்க அதே 3 ஆண்டு தருவதாக உறுதி சொல்லமாட்டீர்கள்.

மனைவி ரசீதை மடித்தார். "மூணு வருஷம் தாங்குமா?" இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் மருத்துவர் கேட்டார், வலி பத்துக்கு எத்தனை என்று. முதலாளி "ரெண்டு" என்றார். எனக்கு ஏழு. உங்கள் சட்டம் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பதில் அது.

மேஜர் ரிச்சர்ட் ஸ்டார் என்று ஒரு ரிசர்வ் அதிகாரி இருந்தார். போர் சார்ந்த காயத்தால் இருபதுக்கு முன்னே வெளியேற்றப்பட்டவர்களுக்கு இந்த டாலருக்கு டாலர் கழிப்பு கூடாது என்று போராடினார். 2021இல் நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். அவர் பெயரில் ஒரு மசோதா, 50,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது. 2023–24 காங்கிரசில் 435 பிரதிநிதிகளில் 300க்கும் மேற்பட்டோர் அதை ஆதரித்துப் பெயர் கொடுத்தார்கள். சட்டமாகாமலே காலாவதியானது. பெயர் கொடுக்கக் கை வந்தது, அவ்வளவுதான். அது நிறைவேறினால் பிரிண்டர் முழங்காலான எனக்குச் சல்லிக்காசு வராது, ஆனாலும் கேட்கிறேன். அதை மறுபடி எடுத்து வாக்கெடுப்புக்கு விடுங்கள். அப்புறம், முடிந்தால், படிக்கட்டில் விழுந்தவர்களையும் ஒருமுறை நினையுங்கள்.

வருகிற சனிக்கிழமை டிரில், அந்த மாதாந்திர வார இறுதிப் பயிற்சி. காலை ஆறு மணிக்கு 2 மைல்.

இப்படிக்கு,
இடது முழங்கால்

பி.கு.: முதுகும் கையெழுத்திடுவதாக இருந்தது. குனிய முடியவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டது.