சாணைக்கல் இலக்கணம்

கூர் என்பது இரண்டு தளங்கள் சந்திக்கும் கோடு. உளியின் முதுகு ஒரு தளம், வாய்ச்சரிவு மற்றொன்று. அந்தக் கோட்டை ஒட்டிய இடத்தில் எது உருண்டிருந்தாலும் கூர் நிற்காது. சாணைக்கல் பற்றிய விவாதம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கடையிலோ எண்ணிலிருந்து தொடங்குகிறார்கள்: ஆயிரமா, ஆறாயிரமா, எட்டாயிரமா? எண் துகளின் நயத்தைச் சொல்லுமே ஒழிய, கல் தட்டையாக இருக்கிறதா என்று சொல்லாது. குழிந்த எட்டாயிரத்தைவிடத் தட்டையான ஆயிரம் மேல் என்பது என் உறுதியான கருத்து.

கல்லைப் பார்க்கும் முன் இரும்பைப் பார்க்க வேண்டும். மோஸ் அளவையில் குவார்ட்ஸ் 7, குருந்தம் 9, வைரம் 10. துவைச்சல் ஏறிய சாதாரண கார்பன் எஃகுக்குக் குவார்ட்ஸே போதும். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் வெட்டியெடுக்கும் நோவாகுலைட் கல் ஏறக்குறைய முழுவதும் அதுதான். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் கோட்டிக்கூல் என்ற மஞ்சள் கல்லில் இரும்பை அரிப்பவை கண்ணுக்குத் தெரியாத கார்னெட் மணிகள். இரண்டும் அருமையான கற்கள், ஆனால் ஹைஸ்பீடு ஸ்டீலிடம் தடுமாறும். அந்த இரும்பில் உள்ள வனேடியம் கார்பைடு குருந்தத்தைவிடக் கடினம். அதற்கு வைரத்தட்டுதான் வழி.

நம் ஊர்த் தச்சர் பையில் இருப்பது கார்பரண்டம் கல்: ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நயம். அதன் சரக்கு சிலிக்கன் கார்பைடு. எட்வர்ட் அச்சிசன் 1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மின் உலையில் உருவாக்கியது அது. இந்தக் கல்லை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆணியில் பட்டுப் பல் விழுந்த உளியை இவ்வளவு குறைந்த காசில் மீட்கும் கல் வேறில்லை. தேக்கில் சிலிக்கா உண்டு, வாய் சீக்கிரம் மழுங்கும். வேலைக்கு நடுவே எழுந்து நாலு இழுப்பு இழுத்துவிட்டு வரவும் இதுவே தோது. எண்ணெய் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகிக் கல்லின் துளைகளை அடைத்துவிடும். மண்ணெண்ணெய் கலந்த மெஷின் ஆயில் அடைக்காது. இதன் நயப்பக்கமும் இழைப்புளித் தகட்டுக்குப் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த இடத்துக்கு ஜப்பானிய நீர்க்கல் வருகிறது. கியோட்டோவை ஒட்டிய நருதாக்கியில் வெட்டிய இயற்கைக் கற்களுக்குப் பெரும் பெயர் உண்டு; இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு துகளை இளகிய பிணைப்பில் சேர்த்துச் செய்தவை. பிணைப்பு இளகியதால் தேய்ந்த துகள் உதிர்ந்து புதுத் துகள் மேலே வருகிறது, அதனால் வேகமாக அரிக்கும். கல் சட்டென்று குழிவதற்கும் அதுவே காரணம். வேகத்தை விரும்பி வாங்குகிறவர் குழிவையும் சேர்த்தே வாங்குகிறார்.

குழிவைக் கண்டுபிடிப்பது எளிது. கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டங்கள் போடுங்கள். சொரசொரப்பான வைரத்தட்டை நனைத்து அதன்மேல் நாலைந்து முறை தேயுங்கள். ஓரக் கோடுகள் அழிந்து நடுக்கோடுகள் அப்படியே நிற்கும். நிற்கிற இடம்தான் குழி. நடுவும் அழியும்வரை தேய்க்க வேண்டும். பிறகு உளியைத் தீட்டி, முதுகுப்பக்கம் விரல் நுனியை வாய்க்கு வெளியே மெல்ல இழுத்துப் பாருங்கள். மெல்லிய பிசிறு ஒன்று தட்டுப்பட வேண்டும், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அறுபடாமல். அறுபட்ட இடத்தில் கல் இன்னும் வாயைத் தொடவில்லை என்று பொருள். அந்த நிலையில் அடுத்த கல்லுக்குப் போவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. எட்டாயிரம் வாங்கியும் உளி வெட்டவில்லை என்று புலம்புகிறவர்களின் உளியில் முதலில் இதைத்தான் நான் தேடுவேன்.

புதிதாக வாங்குகிறவர் சொரசொரப்பான வைரத்தட்டு ஒன்று, ஆயிரம் ஒன்று, ஆறாயிரம் ஒன்று என்று வாங்கட்டும். கையில் காசு குறைவென்றால் தள்ளிப்போட வேண்டியது ஆறாயிரத்தை. பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பூசிய தோல்வாரை வைத்து அதுவரை ஒப்பேற்றலாம். வைரத்தட்டைத் தள்ளிப்போட வேண்டாம். பல் விழுந்த உளியைச் சரிசெய்வதும் அது, மற்ற கற்களைத் தட்டையாக வைப்பதும் அது.