கண்ணாடியில் ஓடும் காடிகள்

ஈப்போ,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

நலம். அங்கே வீட்டில் எல்லோரும், உன் பட்டறையும், பட்டறைக்குப் பின்னால் நிற்கும் அம்பாசடரும் நலமா? போனிலேயே கேட்டிருக்கலாம். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் கடிதம்.

"வெளிநாடு போய் ரெண்டு வருஷமாச்சு, ஒரு ஃபெராரியாவது பார்த்தியாடா?" என்று போன தடவை கேட்டாய். தினமும் நூறு கார் பார்க்கிறேன். எல்லாம் கண்ணாடியில். எங்கள் சலூனில் வாசல் முதுகுப்பக்கம், சுவர்க்கண்ணாடி முகத்துக்கு நேரே. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். இங்கேயும் நம்ம ஊர் போல ஸ்டியரிங் வலது பக்கம்தான். கண்ணாடியில் அது இடதாகிவிடும். முதல் வாரம் பூராவும், இந்த ஊரில் எல்லோரும் அமெரிக்கக் கார்தான் வைத்திருக்கிறார்கள் என்று உன் தங்கச்சியிடம் அளந்துவிட்டேன். நீயும் திருத்தாதே.

நம்பர் பிளேட்டையும் தலைகீழ்ப் பாடமாகத்தான் படித்துக்கொண்டேன். முதல் எழுத்து மாநிலத்துக்கு. எங்கள் பேராவுக்கு 'ஏ'. கண்ணாடியில் பார்த்தாலும் அது மாறாது, நல்ல எழுத்து. ஜொகூர்க்காரன் வந்தால் அந்த 'ஜே'யின் கொக்கி எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். சவரக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அதை யோசிக்கக் கூடாது என்று ஒருவருடைய கிருதா போன பிறகு தெரிந்துகொண்டேன்.

இங்கே தமிழர்கள் காரைக் 'காடி' என்பார்கள். வந்த புதிதில் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், "தம்பி, சுருக்கா முடி. காடி வெயில்ல நிக்குது" என்றார். நம்ம பக்கம் காடி என்றால் மாடு வைக்கோல் தின்கிற தொட்டிதானே! "மாடு எத்தனைங்க ஐயா?" என்று கேட்டேன். கடையில் இருந்தவர்கள் சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அப்புறம் திரும்பிப் பார்த்தேன். மலேசியாவில் நேராகப் பார்த்த முதல் கார் அதுதான்: மோரிஸ் மைனர். 1950களின் கடைசியில் செய்தது. திரும்பும்போது கதவுக்குப் பின்னாலிருந்து குட்டிக் கைகாட்டி ஒன்று வெளியே நீளும், வகுப்பில் பதில் தெரிந்த பையன் கை தூக்குவதுபோல.

ஃபெராரிக்கு வருகிறேன். அது சிங்கப்பூர்க்காரர்களுடையது. விடுமுறை நாட்களில் ஏழெட்டுப் பேராக வரிசைகட்டி, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து, இங்கே கோழியும் முளைப்பயறும் சாப்பிட்டு, வெள்ளைக் காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். அந்த ஊரில் கார் வாங்குவதற்கு முன் பத்து வருஷ உரிமைச் சீட்டு ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டுமாம். அந்தச் சீட்டின் விலைக்கு இங்கே மைவி என்ற உள்ளூர்ச் சின்னக் காரை ஒன்றுக்கு மேலேயே வாங்கலாம். அவ்வளவு கொட்டிக் கொடுத்தவன் முளைப்பயறுக்காக வருகிறான். நம்ம ஊரில் டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் எவனும் தின்னமாட்டான்.

போன வாரம் கடை லீவு. பெரியவர் என்னை மைனரில் ஏற்றிக்கொண்டு கோலகங்சாருக்குப் புறப்பட்டார். மொத்தமே ஐம்பது கிலோமீட்டர்தான். இந்த நாட்டில் வேகத்துக்கு மைவிதான் ராஜா என்பார்கள். எங்களை முந்திய மைவிகளை முப்பது வரை எண்ணினேன், அப்புறம் மரியாதை கருதி விட்டுவிட்டேன். வழியில் சுங்கை சிப்புட். அங்கேதான் அவர் பிறந்த தோட்டம் இருந்ததாம். இப்போது பாதி செம்பனை, பாதி வீட்டு வரிசை. வண்டியை நிறுத்தாமலே கையைக் காட்டிச் சொன்னார்: "தொரை காடி வந்தா நாங்க சடக்க விட்டு எறங்கி நிக்கணும் தம்பி. போனப்புறம் பின்னாடியே ஓடுவோம், பெட்ரோல் வாசத்துக்கு."

கோலகங்சாரில் அவர் காட்ட வந்தது ஒரு ரப்பர் மரம். 1877இல் ஹியூ லோ என்ற வெள்ளைக்கார ரெசிடென்ட் நட்டது. நாட்டிலேயே வயதான பால்மரங்களில் ஒன்று, சுற்றிலும் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். பெரியவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். பட்டையைப் பார்த்தார். "நீதானா அது?" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் கணக்கு ஒப்பித்தார். மரம் நட்டுப் பதினோரு வருஷத்தில் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தான். 1908இல் ஃபோர்டு மாடல் டி வந்தது. ரப்பர் விலை வானத்துக்குப் போயிற்று. நம்ம கிராமங்களுக்கு ஆள் பிடிக்கும் கங்காணி இன்னும் அதிகமாக வந்து, ஆட்களை நாகப்பட்டினத்தில் கப்பலேற்றினான். 1938இல் இந்தியா தடை போடும் வரைக்கும் அப்படித்தான் நடந்தது. "ஒலகத்துல ஓடுற காடிக்கெல்லாம் காலு எங்கப்பா வெட்டுன பாலுதான். அவர் காலுக்கு மட்டும் செருப்பு கெடையாது" என்றார். எனக்கு நம்ம சந்தையில் விற்கும் டயர் செருப்பு ஞாபகம் வந்தது. என் அப்பா பதினைந்து வருஷம் ஒரே ஜோடியைப் போட்டிருந்தார். அந்தப் பாலை வெட்டியது யாரோ! பெரியவரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் லாரி ஒன்றுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார்.

டீ குடிக்க, இங்கே 'மாமாக் கடை' என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் நிறுத்தினோம். அங்கே நாலு ஃபெராரி, சிங்கப்பூர்ப் பிளேட். உனக்காகப் போனை எடுத்துக்கொண்டு போனேன். ஒருத்தரும் அவற்றின் பக்கத்தில் இல்லை! சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்கள் மைனரைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என்னை உள்ளே உட்காரச் சொல்லி, கைகாட்டியை நீட்டச் சொல்லி எடுத்தான். இப்போது நான் சிங்கப்பூரில் ஏதோ ஒரு போனில் அரிய காரோடு இருக்கிறேன். ஃபெராரி படம் எடுக்க மறந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

விஷயம் இதுதான். நம்ம அம்பாசடரும் மோரிஸ் குடும்பம், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு என்று பெரியவரிடம் சொல்லித் தொலைத்தேன். 2014இல் அதையும் நிறுத்திவிட்டார்கள் என்றதும், செத்தவர் வீட்டில் கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "உங்க ஊர்ல ஒண்ணாவது இருக்கா?" என்றார். என் மச்சானிடம் இருக்கிறது, ஜம்மென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் முடிவெட்ட வரும்போது படம் கேட்பார். ஆகவே ஒரு நல்ல படம் எடுத்து அனுப்பு. முன்பக்கத்திலிருந்து எடு, பின்பக்கம் வேண்டாம். உள்ளே குஞ்சு பொரித்திருக்கும் கோழியை ஒரு மணி நேரம் வேறெங்காவது வை. பானட்டின் மேல் காயும் உன் லுங்கியையும் எடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் மச்சான்