ஜப்பான்காரர் பிடித்த செஞ்சிச் சீமை

செஞ்சிக் கோட்டையை 1677இல் சிவாஜி பிடித்தார். மொகலாயர்கள் எட்டு வருஷம் முற்றுகை போட்டு உட்கார்ந்து 1698இல் பிடித்தார்கள். 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் இங்கிலீஷ்காரர். எல்லோருமே யானை, குதிரை, பீரங்கி என்று ஏகத்துக்குச் செலவழித்தவர்கள். எண்பதுகளில் ஜப்பான்காரர்கள் அதே சீமையைப் பிடித்தபோது அவர்களுக்குக் காலணா செலவில்லை. துபாயிலிருந்து லீவில் வந்த எங்கள் மாமாவே அவர்களைச் சொந்தக் காசில் வாங்கி, சூட்கேஸில் வைத்து, மீனம்பாக்கத்தில் சுங்கவரியும் கட்டி, பஸ் ஏற்றித் திண்டிவனத்துக்குக் கூட்டிவந்தார்.

ஆயுதத்தின் பெயர் நேஷனல் பானாசோனிக். தோளில் சுமக்கும் ரக வீடியோ கேமரா. அதற்கு முன்பே, 1983இல், சோனி கம்பெனி பீட்டாமூவி என்று ஒன்றை விட்டிருந்தது. அது படம் எடுக்கும்; எடுத்ததைப் போட்டுக் காட்டாது. பந்தி முடிவதற்குள் கல்யாணத்தை டிவியில் பார்க்கத் துடிக்கிற ஜனங்களிடம் அது எடுபடுமா? மாமாவின் கேமராவோ, அப்போது வாடகைக்கு எடுத்த வி.சி.ஆர். டெக்கில் போட்ட அதே பெரிய கேசட்டை விழுங்கியது. ஈ-180 கேசட் என்றால் முழுசாக மூன்று மணி நேரம். தாலி கட்ட ஒரு நிமிஷம் போதும். மிச்ச நேரத்தை என்ன செய்வது? எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்காக, திண்டிவனம் மண்டபத்தில், முதல் நாள் வரவேற்பிலேயே, சொந்தக்காரர்களை வரிசையாக நிறுத்திவிட்டார் மாமா.

அசைவதைப் படமெடுக்க வேண்டும் என்பதற்காகவே ஒசாகா பக்கம் உட்கார்ந்து மூளையைக் கசக்கிச் செய்த கருவி அது. அதன் முன்னால் எங்கள் ஆட்கள் அசையவே இல்லை. காலமெல்லாம் ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துப் பழகியவர்கள். காலர் பட்டனைப் போட்டு, கையைத் தொடையோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "அசைங்க, பேசுங்க, இது வீடியோ" என்று மாமா கத்துவார். "அசையாத நில்லுடா, மாமா எடுக்கறாரு இல்ல?" என்று பெரியப்பா பிள்ளைகளை அதட்டுவார். அந்தக் கேசட்டில் ஆடுவது மின்விசிறியும் தவில்காரர் கையும்தான். இத்தனைக்கும் சம்பந்தி வீட்டார் சிவாஜி கணேசன் பிறந்த விழுப்புரத்துக்காரர்கள். (முதல் பத்தியில் வந்தவர் வேறு சிவாஜி.) கன்னத்துச் சதையையே நடிக்க வைத்த மனிதர் பிறந்த ஊர்; ஒருத்தருக்கும் துளி ஒட்டவில்லை.

மாமாவுக்குச் சேனாதிபதி ஒரு பொடியன். ஆயிரம் வாட்ஸ் ஹாலஜன் விளக்கைத் தலைக்குமேல் பிடித்து நிற்பது அவன் உத்தியோகம். அந்தக் காலத்துக் கேமராவுக்கு இருட்டில் கண் தெரியாது. ஆகவே அவன் எந்தப் பக்கம் திரும்புகிறானோ அந்தப் பக்கத்தில்தான் கல்யாணம். பெண் தலையைக் குனிந்தது நாணத்தால் என்று பாட்டி இன்றைக்கும் சொல்வாள். கண்கூச்சம் பாட்டி, கண்கூச்சம்.

மறுநாள் மயிலம் முருகன் கோயிலில் முகூர்த்தம். கேமராவுக்கு வெள்ளை எது என்று முதலில் காட்டிக்கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் அது மற்ற நிறங்களைக் கணக்குப் போடும். மாமா மாப்பிள்ளையின் வேட்டியைக் காட்டினார். நலங்கில் மஞ்சள் தோய்ந்த வேட்டி. மஞ்சளை வெள்ளை என்று நம்பிய கேமரா, அதற்கு ஈடுகட்ட உலகத்தையே நீலமாக்கிவிட்டது. கண் வைத்துப் பார்க்கிற துளைக்குள் கறுப்பு வெள்ளைதான் தெரியும் என்பதால் எடுக்கும்போது மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் கலர் டிவியில் இரு வீட்டாரும் கிருஷ்ணாவதாரம் எடுத்து வந்து வரிசையாக மொய் எழுதினார்கள்.

மொய் என்றதும் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. பந்திக்கு இடம் பிடிக்கப் போன மாமா, கேமராவை அணைக்காமல் மொய் மேஜைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். படத்தில் ஒரு மேஜைக்கால், நாலைந்து செருப்பு. ஒலியில் மட்டும் முழு உண்மை. யார் எவ்வளவு எழுதினார்கள், போன வருஷம் நாம் அவர்களுக்கு எவ்வளவு எழுதினோம், பெண் வீட்டார் போட்ட நகையில் எது யாரிடம் இரவல் வாங்கியது, சாம்பாரில் பருப்பு எங்கே போனது என்று பெரியம்மா தெளிவாகப் பேசியிருந்தார். மூன்று மணி நேரத்தில் நடிப்பே இல்லாத பகுதி அதுதான். என்னைக் கேட்டால், அந்தக் கல்யாணத்தின் ஒரே ஆவணம். சம்பந்திகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டிய பிறகுதான் வீட்டில் இருந்தவர்களுக்கே அது தெரிந்தது. தீபாவளிச் சீர் வரைக்கும் போனது அந்தச் சண்டை.

வி.சி.ஆர். வைத்துச் சினிமா காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே வந்தது. சொந்த வீட்டுக் கேசட்டை மூன்று மணி நேரம் விருந்தாளிக்குக் காட்டும் கொடுமையை அது கண்டுகொள்ளவில்லை. பெரிய ஓட்டை.

பிறகு சாம்ராஜ்யம் சரிந்தது. 1989இல் சோனி கையடக்கக் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தது. 1995இல் தீப்பெட்டி மாதிரி டிஜிட்டல் கேசட். எடை குறையக் குறைய மரியாதையும் குறைந்தது. கல்யாண வீடியோவுக்கென்றே கடைகள் வந்து, ரோஜாப்பூவுக்குள் மாப்பிள்ளையைச் சொருகி, செஞ்சியைத் தாண்டாத ஜோடிக்குப் பின்னால் சுவிட்சர்லாந்தை ஒட்டினார்கள். மாமாவைக் கூப்பிட ஆளில்லை.

உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு கையை விரித்துவிட்டது. உங்கள் வீட்டுப் பரணில் கேசட் கிடந்தால் இறக்கிப் பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் நேரே போடாதீர்கள்; ஹெட்டும் கெடும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் தொற்றும். சுத்தம் செய்து டிஜிட்டலுக்கு மாற்றித் தருகிறவர்களிடம் கொடுங்கள். மாற்றி வந்ததும், கதவைச் சாத்திக்கொண்டு முதலில் நீங்கள் மட்டும் முழுக்கக் கேளுங்கள். சம்பந்தியை அப்புறம் கூப்பிடலாம்.